பெட்டியில் வந்த துப்பாக்கி வேறு, கையில் இருப்பது வேறு

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. அந்த வழக்கப்படி இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். ஆனால் பத்து வயசுப் பையனுக்கு கவர்னரா முக்கியம்? திருவிழாக் கூட்டம் என்று ஒன்று கூடினால் எங்காவது ஒரு மூலையில் பலூன் சுடும் கடை வந்துவிடும். ஒரு பலகை நிறைய கலர் கலராக பலூன், மேஜை மேல் நாலைந்து பழைய ஏர்கன். அவன் கண் அங்கேதான் இருக்கும். அப்பா சட்டையைப் பிடித்து இழுத்து, இருபது ரூபாய் வாங்கி, பத்து குண்டு சுட்டு, மூன்று பலூன் உடைந்தால் அன்றைக்கு அவன்தான் ராஜா.

புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் முதல் துப்பாக்கி. அதுவே கடைசித் துப்பாக்கியும். சிலருக்கு மட்டும் ஆசை அதோடு நிற்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சிலரைப் பற்றியது.

காமர்ஸ் பாடப் புத்தகக் கணக்கில் வருவது போல ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம். பெயர் ராமு. ஊர், வில்லியனூர் கொம்யூனில் ஒரு கிராமம். வயது 20. கல்லூரிக்கு பஸ்ஸில் போகிற நேரம் முழுக்க போனில் அமெரிக்கத் துப்பாக்கி வீடியோ பார்ப்பான். அதிலும் 'ஏ.ஆர். பிஸ்டல்' என்றால் உயிர். ஒருநாள் பார்ட் டைம் வேலையில் சேர்த்த பணத்தில் ஒரு ஏர்கன் வாங்கிவிட்டான். லைசென்ஸ் கேட்கவில்லை, ஆதார் நகல் கொடுத்தான், முடிந்தது. இரண்டு வாரத்தில் அலுத்துவிட்டது. "ஸ்பிரிங்கை மாத்தினா இன்னும் பவர் வரும்டா" என்று பாகூர் நண்பன் சோமு சொல்கிறான்.

இந்த இடத்தில் ராமு ஒரு நிமிஷம் நின்றால் நன்றாக இருக்கும். ஏனென்றால் அவன் மாற்றப்போவது வெறும் ஸ்பிரிங் இல்லை, சட்டத்தின் கண்ணில் அந்தப் பொருளையே மாற்றப்போகிறான்.

அமெரிக்காவிலேயே இவ்வளவு சுலபம் இல்லை

முதலில் அந்த வீடியோக்கள். 'ஏ.ஆர்.' என்றால் அசால்ட் ரைபிள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயரிலிருந்து வந்த எழுத்துகள் அவை. 1950களில் யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளர் அங்கே வடிவமைத்த துப்பாக்கியின் வம்சம்தான் இன்றைய ஏ.ஆர். எல்லாம். அதன் குழலைக் குட்டையாக்கி, தோளில் வைக்கும் கட்டையை எடுத்துவிட்டு விற்பதுதான் ஏ.ஆர். பிஸ்டல்.

ஏன் அப்படி ஒரு விசித்திரப் பிறவி? காரணம் சட்டம். அமெரிக்காவில் 1934-ல் வந்த தேசிய துப்பாக்கிச் சட்டப்படி, தோளில் வைத்துச் சுடும் ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் அதை மத்திய அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அன்றைய காசுக்கு 200 டாலர் வரியும் போட்டார்கள். பிஸ்டலுக்கு அந்தக் குழல் நீளக் கணக்கு கிடையாது. அதனால் தோள்கட்டை இல்லாத குட்டை ஏ.ஆர்., 'பிஸ்டல்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அப்புறம் முன்கையில் மாட்டும் 'பிரேஸ்' என்று ஒரு பிளாஸ்டிக் துண்டு வந்தது. அதைக் கையில் மாட்டினால் பிஸ்டல், தோளில் வைத்தால் ரைபிளா? இந்த ஒரு கேள்விக்கு அந்த நாட்டு அரசு 2023 ஜனவரியில் தனி விதியே கொண்டுவந்தது. 2024 ஜூனில் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2025-ல் வந்த இன்னொரு சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் அந்த 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது. ஆனால் பதிவு செய்யும் கடமை போகவில்லை. பதிவில்லாமல் அப்படி ஒன்றை வைத்திருந்தால் 10 வருஷம் வரை சிறை என்பதும் போகவில்லை.

யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிற நாடு என்று பெயரெடுத்த ஊரில், ஒரு பிளாஸ்டிக் துண்டு எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்பதை வைத்து ஒருத்தன் குற்றவாளியா இல்லையா என்று வருஷக்கணக்காக வழக்கு நடந்திருக்கிறது. வீடியோவில் இதெல்லாம் வராது. ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான் வரும்.

இங்கே என்ன சட்டம்?

இந்தியாவில் ஏ.ஆர். பிஸ்டலை மாற்றுவது பற்றிப் பேசவே தேவையில்லை. வாங்குவதே நடக்காது. தானாகத் தொடர்ந்து சுடும் துப்பாக்கி 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி தடை செய்யப்பட்ட ஆயுதம். அரைத் தானியங்கி ரகங்களையும் விதிகள் பெரும்பாலும் முதல் வகையிலேயே கட்டிப்போட்டிருக்கின்றன. சாதாரண ஆளுக்கு எட்டாது. சுடும் சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைக்கும் துணைக்கருவி, அதாவது சைலென்சர், அதுவும் அதே வகை. லைசென்ஸ் கிடைக்கிற சாதாரணத் துப்பாக்கிக்குக்கூட 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை எல்லாம் தாண்ட வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்பு மூன்று.

சரி, ராமுவிடம் இருப்பது ஏர்கன்தானே? அது விளையாட்டுச் சாமான்தானே?

இங்கேதான் பலர் தப்புக் கணக்கு போடுகிறார்கள். ஆயுதச் சட்டத்தில் 'துப்பாக்கி' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்தால் ஒரு விஷயம் புரியும். வெடிமருந்தினாலோ "வேறு வகை சக்தியினாலோ" குண்டை வெளியேற்றும் ஆயுதம் எல்லாமே துப்பாக்கிதான். காற்றின் அழுத்தம் வேறு வகை சக்தி. ஆக ஏர்கன் சட்டத்துக்கு வெளியே இருக்கிற பொம்மை கிடையாது. சட்டத்துக்கு உள்ளே இருக்கிற துப்பாக்கி. ஒரு எல்லைக்குள் இருக்கும்வரை லைசென்ஸ் கேட்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த எல்லையை 2016-ம் வருஷ ஆயுத விதிகள் எண்ணில் சொல்கின்றன. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குண்டு வெளியே வரும்போது அதன் சக்தி 20 ஜூலைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டில் எதைத் தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஜி.எஸ்.டி. பதிவு விலக்கு மாதிரிதான். புதுச்சேரியில் பொருள் விற்கும் சின்னக் கடைக்காரருக்கு வருஷ விற்பனை 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். அந்த விலக்கு கடைக்காரரின் முகத்துக்காகக் கொடுத்ததா? கடை போர்டுக்காகக் கொடுத்ததா? இல்லை, விற்பனை அந்த அளவுக்குள் இருப்பதற்காகக் கொடுத்தது. தாண்டினால் அதே கடை, அதே போர்டு, அதே அண்ணாச்சி, ஆனால் விலக்கு கிடையாது. கடைக்காரருக்கு 20 லட்சம், ஏர்கன்னுக்கு 20 ஜூல். பெட்டியில் 'லைசென்ஸ் தேவையில்லை' என்று அச்சடித்திருப்பது அந்தப் பெட்டியில் வந்த துப்பாக்கிக்கு மட்டும்தான் பொருந்தும். ஸ்பிரிங்கை மாற்றிய பிறகு ராமுவின் கையில் இருப்பது அந்தப் பெட்டியில் வந்தது இல்லை. பில் அதேதான், பொருள் வேறு.

கணக்கு போட்டுப் பார்த்தால்

"கொஞ்சம் பவர் கூட்டினால் 20-ஐத் தாண்டிவிடுமா என்ன?" என்று சோமு கேட்பான். பிளஸ் டூவில் பிஸிக்ஸ் எடுக்காதவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

4.5 மி.மீ. குண்டு ஒன்று சுமார் அரை கிராம் எடை இருக்கும். அது விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வெளியே வந்தால் சக்தி 10 ஜூல். எல்லைக்குப் பாதிதான். நிம்மதி. ஆனால் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் சக்தி நாலு மடங்கு. அதனால் 200-ஐ 283 ஆக்கினாலே, அதாவது 40 சதவீதம் சொச்சம் கூட்டினாலே, 10 ஜூல் 20 ஆகிவிடும். அதற்கு மேல் ஒரு நூல் போனாலும் எல்லை தாண்டியாச்சு. கூட்டுவட்டி மாதிரி, பார்க்கச் சின்னதாகத் தெரியும், முடிவில் பெரிதாக வந்து நிற்கும்.

சரி, தாண்டியதா இல்லையா என்று ராமுவுக்கு எப்படித் தெரியும்? குண்டின் வேகத்தை அளக்க குரோனோகிராஃப் என்று ஒரு கருவி இருக்கிறது. ராமுவிடம் அது இல்லை, சோமுவிடமும் இல்லை. கேஸ் என்று வந்தால் அளக்கப்போவது தடய அறிவியல் ஆய்வகம். அதாவது எல்லை தாண்டிய செய்தியை ராமு முதன்முதலில் தெரிந்துகொள்வது குற்றப்பத்திரிகையில்தான்.

குழலை மாற்றி 5.5 மி.மீ. ஆக்கினால் ஜூல் கணக்கே வேண்டாம். அளவிலேயே எல்லை தாண்டிவிடும்.

தண்டனை என்ன? லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை, அபராதம் தனி. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தாலோ, குழலை வெட்டிக் குட்டையாக்கினாலோ, பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றினாலோ குறைந்தபட்சமே 7 வருஷம். அதிகபட்சம் ஆயுள். வீடியோவைப் பார்த்து ஏ.ஆர். மாதிரி இருக்கிற பொம்மையை வாங்கி 'நிஜமாக்க' ஆசைப்படுகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு உதாரணம். புல்லட் பைக்கில் சைலென்சரை மாற்றி ஊரைக் கலக்குகிற பசங்களைப் புதுச்சேரியில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதுவும் தப்புதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம். பெரும்பாலும் ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அதே பழக்கத்தில், "மாட்டினா ஃபைன் கட்டிக்கலாம்" என்று துப்பாக்கியிலும் கை வைக்கிறார்கள். இது 5,000 ரூபாய் விஷயம் இல்லை.

இன்னொரு நப்பாசையும் உண்டு. பாகூர் பக்கம் புதுச்சேரிக் கிராமமும் கடலூர் மாவட்டக் கிராமமும் மாறி மாறி வரும். ஒரு தெருவைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். அதனால் "அந்தப் பக்கம் போய்ட்டா ஒண்ணும் ஆகாது" என்கிற நினைப்பு அந்த ஊர்ப் பசங்களுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. எல்லை தாண்டினால் மாறுவது சரக்கு விலை. ஆயுதச் சட்டம் மத்திய சட்டம். எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றேதான்.

ஏரிக்கரையில் இன்னொரு சட்டம் காத்திருக்கிறது

ராமு ஸ்பிரிங்கை மாற்றவில்லை, 20 ஜூலுக்குள்தான் இருக்கிறான் என்றே வைத்துக்கொள்ளலாம். அவன் ஏர்கன்னை எடுத்துக்கொண்டு எங்கே போவான்? வீட்டு மொட்டை மாடியில் எத்தனை நாள் டப்பாவைச் சுடுவது? கடைசியில் ஏரிக்கரைதான்.

வில்லியனூர் கொம்யூனில் இருக்கிறது ஊசுடு ஏரி. பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. புதுச்சேரிப் பக்கம் 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பிறகு தமிழ்நாட்டுப் பக்கமும் ஆனது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் எந்த ஆயுதத்தோடும் நுழையக் கூடாது. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்றால் என்ன தெரியுமா? வலை, கண்ணி, தூண்டில் முள், விஷம், கத்தி, வில் அம்பு... ஒரு உயிரைக் காயப்படுத்தவோ கொல்லவோ முடிகிற எந்தக் கருவியும். இங்கே ஜூல் கணக்கே கிடையாது. தூண்டில் முள்ளே ஆயுதம் என்றால் ஏர்கன்னுக்கு விலக்கு எங்கிருந்து வரும்?

அதோடு முடியவில்லை. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருந்து துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது 34-ம் பிரிவு. ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு பெற்று ஆயுதம் வைத்திருப்பவர்களையும் சேர்த்தே சொல்கிறது. அந்தச் சுற்றளவுக்குள் புது லைசென்ஸ் கொடுப்பதற்கும் அவருடைய சம்மதம் வேண்டும். வில்லியனூர் அந்தப் பத்து கிலோமீட்டருக்குள்தான் வருகிறது. இது தெரிந்தவர்கள் வில்லியனூரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

பாகூர் ஏரி புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி. மழைக்காலம் முடிந்து தண்ணீர் நிற்கும்போது நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா என்று வந்து இறங்கும். சட்டம் காக்கும் பறவையைச் சுடுவது சரணாலயத்துக்கு வெளியேயும் குற்றம்தான். சுடுவதற்கு முயற்சி செய்தாலே 'வேட்டை' என்று சட்டம் சொல்கிறது, அடிபட வேண்டும் என்று இல்லை. சாதாரணமாக 3 வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் மாதிரி முதல் அட்டவணையில் இருப்பவற்றுக்கும், சரணாலயத்துக்குள் நடக்கும் வேட்டைக்கும் குறைந்தது 3 வருஷம், அதிகம் 7 வருஷம்.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. ஏரியில் ஒரு கொக்கு செத்துக் கிடந்தால் ஊர் முதலில் யாரைச் சொல்லும்? நரிக்குறவர்களைத்தான். அவர்களில் சிலர் வேட்டையாடுகிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் டெலிகிராமில் 'ஏர்கன் ஹன்டிங்' படம் போடுகிற பைக் வைத்திருக்கும் படித்த பையன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. அவன் சுட்டதற்கு போலீஸ் போய் நிற்பது ஊசிமணி விற்கிறவர் குடிசை வாசலில். ராமுவின் பொழுதுபோக்குக்கு வேறு ஒருவர் விலை கொடுக்கிறார். கணக்கியலில் ஒருவர் செலவை இன்னொருவர் கணக்கில் எழுதினால் அதற்குப் பெயர் மோசடி.

சட்டத்தை விடுங்கள், உடம்பு?

சட்டமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், முதல் துப்பாக்கியிலேயே கை வைப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஒரு ஸ்பிரிங் ஏர்கன்னில் ஸ்பிரிங், பிஸ்டன், சீல், குழல் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கணக்குப் போட்டு வைத்தவை. ஒன்றை மட்டும் கடினமாக்கினால் அதிர்ச்சி மற்றவற்றுக்குப் போகும். பவர் கூடுகிறதோ இல்லையோ, குறி கெடும், சீல் கிழியும், மாட்டியிருக்கும் ஸ்கோப் ஆடும். வாரன்டி அன்றோடு போச்சு. டிரிக்கரை லேசாக்கினால் இன்னும் மோசம். விரல் பட்டதும் வெடிக்கிற துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடியாடுவதை நினைத்துப் பாருங்கள்.

காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. ரகம் வேறு கதை. அதன் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் சர்வசாதாரணம். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். நூறு மடங்கு அழுத்தத்தை வெல்டிங் பட்டறையில் கொடுத்து 'சரி பண்ணி' வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது கையில் வெடித்தால் ஆஸ்பத்திரியில் என்ன காரணம் சொல்வார்கள்?

குண்டு நினைத்த இடத்தில் நிற்பதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வேதனையான சாட்சி உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து தப்பிய குண்டு தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் பாய்ந்தது. சில நாள் போராடி 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். அது ஏர்கன் இல்லை, நிஜ ரைபிள். ஆனால் அங்கே பயிற்சி இருந்தது, தளம் இருந்தது, மேற்பார்வை இருந்தது. அப்படியும் நடந்தது. ராமுவின் மொட்டை மாடியில் இவற்றில் எது இருக்கிறது? பக்கத்து மாடியில் துணி காயப்போடும் அக்காவின் கண்ணுக்கு நேரே போகும் குண்டுக்கு அரை கிராம் எடையே போதும்.

எதிர்க் கேள்விகள்

"நாட்டு வெடிகுண்டு செய்தி வருஷா வருஷம் பேப்பரில் வருகிற ஊரில், ஏர்கன் பையனைப் பிடிப்பதுதான் போலீசுக்கு வேலையா?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் பெரிய குற்றம் ஒன்று இருப்பதால் சின்னது குற்றமில்லை என்று ஆகிவிடாது. அதுமட்டும் இல்லை. வெடிகுண்டு போடுகிறவன் தெரிந்தே செய்கிறான், அவனுக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை. ராமு தெரியாமல் செய்கிறான், அவனுக்கு இழப்பதற்கு எல்லாமே இருக்கிறது. பேங்க் எக்ஸாம், அரசு வேலை, பாஸ்போர்ட், எங்கே போனாலும் போலீஸ் வெரிஃபிகேஷன் ஒன்று உண்டு. 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்ற ஒரு வரி போதும். பத்து வருஷம் கழித்து விடுதலையே ஆனாலும் அந்தப் பத்து வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்? ஒரு ஸ்பிரிங்கின் லாப நட்டக் கணக்கு இதுதான்.

"இதெல்லாம் தெரிய வழியே இல்லையே, சட்டம் இங்கிலீஷில் இருக்கிறது, விதி கெஜட்டில் இருக்கிறது" என்பது இரண்டாவது கேள்வி. இதில் நியாயம் இருக்கிறது. சிகரெட் பெட்டியில் படத்தோடு எச்சரிக்கை போட வைக்க முடிகிறது. பட்டாசு பெட்டியில் தமிழில் எச்சரிக்கை இருக்கிறது. ஏர்கன் பெட்டியில், "இதை மாற்றினால் லைசென்ஸ் விலக்கு போய்விடும்; சரணாலயத்துக்குள் கொண்டுபோனால் குற்றம்" என்று இரண்டு வரி தமிழில் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொள்கிற கடைக்காரர், திருப்பி ஒரு துண்டுச் சீட்டுக் கொடுக்கக் கூடாதா? சட்டம் தெரியாது என்பது கோர்ட்டில் எடுபடாத வாதம். அப்படியானால் தெரியப்படுத்தும் கடமையும் அரசுக்கு உண்டு.

ஆசையை எங்கே கொண்டுபோவது?

ஆசை தப்பில்லை. குறி பார்த்து அடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அது பலூன் கடையிலேயே தெரிந்த விஷயம். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வாங்கினாரே, தனிநபர் விளையாட்டில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம், அது எதில்? 10 மீட்டர் ஏர் ரைபிளில். 2024 பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலம்? 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். இரண்டுமே 4.5 மி.மீ. குண்டு. சக்தியும் 20 ஜூலுக்கு வெகு கீழே. அந்த ரைபிள் போட்டியில் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். உலகத்தின் மிகச் சிறந்த சுடுநர்களுக்குப் போதுமான பவர் ராமுவுக்குப் போதவில்லையாம்!

மாற்றம் செய்வதற்கும் அந்த விளையாட்டில் இடம் உண்டு. கைப்பிடியைத் தன் கைக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்ளலாம், குறிபார்க்கும் கருவியைச் சரிசெய்யலாம், எடையைச் சமன் செய்யலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. ஏர் பிஸ்டலின் எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது, டிரிக்கர் 500 கிராமுக்குக் குறைந்த எடையில் இயங்கக் கூடாது. போட்டிக்கு முன்னால் அளந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அங்கே பவரைக் கூட்டுகிறவனுக்கு மரியாதை இல்லை, கையை அசைக்காமல் நிற்கிறவனுக்குத்தான் மரியாதை.

இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். பாகூரிலிருந்து கூப்பிடு தூரம். குஜராத்தில் வளர்ந்து, 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கி, டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்தார். கடலூரில் பிறந்த பெண்ணுக்கு அந்த வாய்ப்பு குஜராத்தில் கிடைத்தது என்பதில் ஒரு செய்தி இருக்கிறது. 10 மீட்டர் என்பது என்ன நீளம்? இரண்டு வகுப்பறையைச் சேர்த்துப் போட்டால் தாராளமாக வரும். வில்லியனூரிலும் பாகூரிலும் ஒரு அரசுப் பள்ளிக் கட்டடத்தில், பின்னால் கனமான தடுப்போடு, ஒரு பயிற்சியாளர் மேற்பார்வையில், நான்கு ஏர் ரைபிள் வைத்து ஒரு சின்ன ரேஞ்ச் நடத்த முடியாதா? கொம்யூன் பஞ்சாயத்தும் விளையாட்டுத் துறையும் மனசு வைத்தால் போதும். கல்லூரியில் என்.சி.சி. இருக்கிறது, அங்கே முறையாக .22 ரைபிள் சுடக் கற்றுத்தருகிறார்கள். அதில் சேராமல் போனில் அமெரிக்காக்காரனிடம் கற்றுக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

ராமு ஸ்பிரிங்கை மாற்றுவானா மாட்டானா என்பது அவன் கையில். மாற்றாவிட்டால் அவனிடம் இருப்பது சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு விளையாட்டுக் கருவி. மாற்றினால் அதே அளவு, அதே நிறம், அதே பில், ஆனால் வீட்டு அலமாரியில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. அம்மா வீடு பெருக்கும்போது தினமும் அதைத் தாண்டித்தான் போவார். அவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிய வேண்டியது ராமுவுக்கு.

அடுத்த வைகாசியில் தேர் வரும், பலூன் கடையும் வரும். அங்கே இருக்கும் ஏர்கன்னில் குறி கொஞ்சம் கோணல்தான். அந்தக் கோணலோடு பத்துக்கு ஏழு பலூன் உடைக்க முடிந்தால், அதுதான் திறமை. ஸ்பிரிங்கில் இல்லை.